வெளித்தாழ்ப்பாள்

கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது. உள்பக்கம் ஆணி அடித்த தடம்கூட இல்லை.

"எவன் பார்த்த வேலை இது?" என்றாள் தங்கை.

"அதை மாத்திக்கலாம்மா. இந்தத் தெருவுக்குக் குடிவந்தவங்க யாரும் திரும்பிப் போனதே இல்ல, தெரியுமா?" என்றார் வீட்டு புரோக்கர். பெருமையாகத்தான் சொன்னார்.

சின்ன நகரம், அதன் கடைசித் தெரு. கம்பங்கள் நின்றன, கம்பிகள் இல்லை. கூரைக்குக் கூரை சோலார் பலகை, முற்றத்துக்கு முற்றம் கிணறு. ஊர்க் கரண்ட்டும் குழாய்த் தண்ணீரும் வேண்டாமென்று வாழ நினைப்பவர்களுக்கு இடம் பார்த்துச் சொல்வது தங்கையின் தொழில். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். இந்த முறை அக்காவுக்காகப் பார்க்கிறாள். வாடகை வீட்டைவிட்டு அக்காவைக் கிளப்புவதற்கு இதற்கு முன் இரண்டு வீட்டுக்காரர்கள் கரண்ட்டைப் பிடுங்கினார்கள், தண்ணீரை அடைத்தார்கள். கேட்க நாதியில்லை.

"எவனும் எதையும் நிறுத்த முடியாத வீடா பாருடி" என்றிருந்தாள் அக்கா. தங்கை தலையாட்டினால் இன்றே சாவி.

வெயில் போதும். மண் நல்ல மண். கிணறு மட்டும் பாக்கி. உள்சுவரில் தண்ணீர் மட்டத்துக்குச் சாக்பீஸ் கோடு போட்டு, அடிவரை இறைத்து, ஊற்று எவ்வளவு வேகமாக ஏறுகிறதென்று பார்க்க வேண்டும்.

"இவரைத் தெருவாசல்ல விட்டுட்டு வரேன். உள்ள விழுந்து வைக்காத" என்றாள் கூட வந்திருந்த அக்கா.

"விழுந்தா தண்ணி ஆழம்னு புரிஞ்சுக்கோ, போ."

டீசல் மோட்டார் கடகடவென்று ஓட, பாசியும் பழைய துணியும் கலந்த ஒரு வாடை தண்ணீரோடு மேலே ஏறிவந்து முற்றமெல்லாம் பரவ, வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி அவள் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்ததில் பொழுது சாய்ந்ததே தெரியவில்லை. மோட்டாரை அணைத்த பிறகுதான் தெருவின் அமைதி காதில் விழுந்தது. எல்லா வீட்டிலும் ஆள் இருப்பதாகத்தான் புரோக்கர் சொல்லியிருந்தார். ஒரு பாத்திரம் உருளவில்லை. ஒருவர் இருமவில்லை.

டார்ச்சை உள்ளே அடித்தாள்.

அடி வற்றியிருந்தது. அவள் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைக் காணோம். அந்த இடத்தில் ஐந்து விரல் இழுத்த தடம். அதற்கு மேலே ஈரமான உள்ளங்கை. அதற்கும் மேலே இன்னொன்று. ஏறி, ஏறி, விளிம்பு வரை. அவள் கை ஊன்றியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கடைசித் தடம்.

திரும்பினாள்.

ஈரக் காலடிகள் வீட்டுக்குள் போயிருந்தன.

அக்கா புரோக்கரோடு தெருவாசலில்தானே இருக்கிறாள். நல்லவேளை. பாய்ந்து கதவை இழுத்தாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

"ஏய், ஏண்டி பூட்டுற?" உள்ளிருந்து அக்காவின் குரல். "சாவிய வாங்கிட்டு இப்பதான் உள்ள வந்தேன். நீ மோட்டார் சத்தத்துல கவனிக்கல."

தங்கையின் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

"திறக்காதடி." அதுவும் உள்ளிருந்துதான், அதுவும் அக்காவின் குரல். "நான் இல்ல அது."

"அது பொய் சொல்லுது. திற!"

எது முதலில் பேசியது? எது?

கதவடி இடுக்கில் விரல்கள் வெளியே வந்தன. அக்காவின் விரல்கள். சுண்டுவிரலில் பழைய தீக்காயம்.

பக்கத்தில் இன்னொரு கை. அதே தீக்காயம்.

இரண்டிலும் தண்ணீர் சொட்டியது.

அப்போது, தெரு நெடுக, வீடு வீடாக, போட்டிருந்த வெளித்தாழ்ப்பாள்கள் உள்ளிருந்து யாரோ தள்ளுவதுபோல் மெல்ல ஆடத் தொடங்கின.