தாளில் இல்லாத வைன்

தாளில் ஆறு எண்கள் இருந்தன. மேசையில் ஏழு கிளாஸ்கள் இருந்தன.

ஜெயரட்ணம் விரலை நீட்டி மறுபடி எண்ணினான். மூன்று வெள்ளை, நான்கு சிவப்பு. மெல்பேர்னில் ஒரு வைன் கம்பனியின் நிலவறையில் அவன் ருசி பார்க்கச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. பலகையால் அடைத்த மூன்று சிறு அறைகள்; பக்கத்து அறையில் பார்க்கர் ருசி பார்ப்பான். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, ஒரு துப்பும் தொட்டி, சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு ஓர் இழுகதவு. அந்தக் கதவுக்கு அப்பாலிருந்து ரெக்ஸ் கிழவர் கிளாஸ்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவார். எந்தப் போத்தல், எந்தத் தோட்டம் என்று ருசி பார்ப்பவனுக்குத் தெரியக் கூடாது என்பது அங்கத்தைய வழக்கம். தாளில் எண் மட்டும் இருக்கும். கை மட்டும் தெரியும், முகம் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் ரசாயனம் படிப்பித்தவனுக்கு வைனைப் பற்றி என்ன தெரியும் என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவனுக்கு வாய்த்தது நல்ல நாக்கு. மனைவி கமலினி இந்த வேலைக்குச் சம்மதித்தது ஒரே நிபந்தனையில்: வாயில் வைக்கலாம், ஒரு சொட்டும் தொண்டையில் இறங்கக் கூடாது. துப்பினால் குடித்ததாகாது என்று இருவரும் தங்களுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள். வேலைக்குப் போகிறவன் மூக்கில் வேறு மணம் ஏறக் கூடாது என்பதற்காக அவள் காலையில் மிளகாய் வறுப்பதையும் நிறுத்தியிருந்தாள்.

ஆனால் ஒரு மாதமாக அந்த நல்ல நாக்கு மரத்துக் கிடந்தது. வெள்ளையும் சிவப்பும் வாய்க்குள் நனைந்த காகிதமாகவே இருந்தன. பழைய குறிப்புகளைப் பார்த்து ஒருவாறு எழுதி ஒப்பேற்றிக்கொண்டிருந்தான். பிடிபட்டால் வேலை போகும், வேலை போனால் இரண்டு பேரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆறையும் முடித்து ஏழாவதை எடுத்தான். கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, மெல்ல இழுத்தபோது, சீயக்காயும் வெயிலில் காய்ந்த ஈரத் துவாயும் அதற்கடியில் தூங்கி எழுந்த தலையணையின் வெதுவெதுப்புமாக ஒரு மணம் நெற்றிவரை ஏறி நின்றது. வெள்ளிக்கிழமை முழுகிய கமலினியின் தலைமயிர். திடுக்கிட்டு ஒரு மிடறு எடுத்து, உருட்டி, துப்பினான். பிறகு முதல் கிளாஸுக்குத் திரும்பினால், நேற்றுவரை காகிதமாக இருந்த ரீஸ்லிங் வெள்ளை வைன் எலுமிச்சைத் தோலாகவும் மழை விழுந்த கல்லாகவும் விரிந்தது. சந்தோஷத்தில் அவன் ஆறு எண்களுக்கும் புதிதாகக் குறிப்பு எழுதினான்.

போகும்போது ரெக்ஸிடம் கேட்டான்.

"ஏழாவது எங்கேயிருந்து வந்தது?"

"ஆறுதான் ஊற்றினேன். வேணுமென்றால் போத்தலை எண்ணிப் பார்," என்றார் ரெக்ஸ்.

அன்று பின்னேரம் பிரன்ஸ்விக் பகுதியில் இருந்த வீட்டுக் குசினியில், சமைத்துக்கொண்டிருந்த கமலினியின் பின்னால் போய் நின்றான். காலையில் முழுகிய தலை. முகர்ந்தான். ஒரு மணமும் இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டில்கூட ஏதாவது மணக்கும்.

"என்னப்பா மோப்பம் பிடிக்கிறியள்?" என்றாள் அவள். சிரிக்கவில்லை.

மறுநாளும் ஏழு இருந்தன. அதற்கு மறுநாளும். ஒருநாள் அவளுடைய கழுத்து வியர்வையின் உப்பு வந்தது. அந்தப் பெப்ரவரி வெக்கையில் ஊரே உருகியபோது அவள் ஒரு துளி வியர்க்காமல் அடுப்பருகில் நின்றாள். இன்னொருநாள் வேறோர் உப்பு. அதுவும் அவனுக்குத் தெரியும்; ஊரைவிட்டு வந்தபோது விமான நிலையத்தில் அவள் கண்ணீரைத் துடைத்த தன் விரலை அவன் பிறகு வாயில் வைத்துப் பார்த்திருக்கிறான். கிளாஸில் அந்த உப்பு வந்த அன்றுதான் அவளுடைய அப்பா காலமான தந்தி வந்தது. கமலினி வாசித்தாள். நான்காக மடித்துச் சீனிப் போத்தலுக்கு அடியில் வைத்தாள்.

"கமலி, நீர் அழேல்லையே?"

"வரேல்லை. சாப்பாடு ஆறுது, இருங்கோ."

கிளாஸில் வருவதெல்லாம் அவளிடமிருந்து போவது என்று அந்தக் கணம் அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் அவன் போனான், அதுதான் கேவலம். மேலாளர் ஹோகன் அவன் குறிப்புகளைப் புகழ்ந்து, நிரந்தரமாக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். ஏழாவதைத் தொடாத நாளில் மற்ற ஆறும் காகிதம். இன்றைக்கு மட்டும் என்று எடுத்தான். துப்பினேன்தானே என்று தன்னைத்தானே தேற்றினான். இப்படியே மூன்று கிழமை ஓடியது. பயப்பட வேண்டிய இடத்தில் அவனுக்குள் ஏதோ விறைத்துக் கிடந்தது.

ஏழாவதின் சிவப்பு நாளுக்கு நாள் கடுத்தது. அவள் உதடு நாளுக்கு நாள் வெளுத்தது. டாக்டர் இரத்தம் குறைவென்று இரும்புக் குளிசை எழுதிக் கொடுத்தார். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் அவள் திரும்பினாள்.

"நீங்கள் கூப்பிடுறது தூரத்தில இருந்து கேக்குது," என்றாள். "நோவு ஒண்டுமில்லை. கொஞ்சம் கொஞ்சமாய் ஆரோ என்னை எடுத்துக்கொண்டு போற மாதிரி."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கையில் பாரமே இல்லை. அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது, இரண்டு பேருக்குமாக.

காலையில் நேரே ஹோகனிடம் போனான். நாக்குச் செத்துவிட்டது, இனி முடியாது, ஊருக்கே போகிறேன் என்றான். ஹோகன் நல்ல மனிதர். தோளில் தட்டினார்.

"கவலைப்படாதே. உன் வேலையை பார்க்கர் பார்த்துக்கொள்வான்."

வெளியே படிக்கட்டில் ரெக்ஸ் சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். இன்னும் எதுவும் ஊற்றவில்லை, பத்து மணிக்குத்தான் தொடக்கம் என்றார். ஜெயரட்ணத்துக்கு மாதக்கணக்கில் இல்லாத ஆறுதல். இனி அந்தக் கிளாஸை எடுக்க ஆளில்லை. பதினொரு மணிக்குள் வீட்டில் நிற்கலாம். தன் அறையில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துக்கொண்டு போக நிலவறைக்கு இறங்கினான்.

கீழே புளித்த மரத்தின் மணமும் ஈரச் சுண்ணாம்பின் குளிரும் எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தமும் வழக்கம்போல இருந்தன. அவன் கோட்டுக்குள் கையை நுழைத்தான்.

பலகைக்கு அப்பால் கிளாஸ் சுழலும் சத்தம்.

மூச்சு இழுக்கும் சத்தம். நீளமாக.

"அடடா," என்றான் பார்க்கர் தனக்குள். "இது என்ன காய்? பெயர் தெரியவில்லை. வெயிலில் காய்ந்த துணி. ஒரு பெண்ணின் தலையணை."

உறிஞ்சினான். வாய்க்குள் உருட்டினான். நிதானமாக. தொட்டியில் துப்பினான்.

ஜெயரட்ணம் கத்த வாயைத் திறந்தான். நாக்கு அசையவில்லை. பலகையைப் பிடித்துப் பிடித்து அந்தப் பக்கம் போனான். நான்கு அடி தூரம். முடியவே மாட்டேன் என்றது.

பார்க்கரின் மேசையில் ஒரேயொரு கிளாஸ். காலி. தாளில் அவன் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தான். முகம் முழுக்கச் சந்தோஷம். நிமிராமலே இழுகதவை விரலால் தட்டினான்.

"ரெக்ஸ், இதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?"

மேலே படிக்கட்டில் ரெக்ஸ் இருமினார்.

இழுகதவு திறந்தது. கிளாஸ் விளிம்புவரை நிரம்பியிருந்தது. அதைத் தள்ளிய கை கமலினியின் கை. வெள்ளைவெளேரென்று. முழங்கைவரை. அதற்கு அப்பால் இருட்டு.

பார்க்கர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான்.