மேலிருந்து கீழே

திங்கட்கிழமை காலையில் கண்ணாடி முன்னால் வந்து நின்ற சின்னவள், ராத்திரி பூசிக்கொண்டு படுத்த கிரீமில் விரல் தடம் விழுந்திருப்பதைப் பார்த்தாள். அதில் அதிசயமில்லை, கெட்டியான கிரீம், தடவினால் கோடு விழத்தான் செய்யும். ஆனால் இந்தக் கோடுகள் கண்ணுக்கடியில் ஆரம்பித்து, கன்னத்தில் இறங்கி, தாடையில் போய் முடிந்திருந்தன. பக்கத்துக்கு நான்கு. மேலிருந்து கீழே.

புத்தி தெரிந்த நாளாய் அவள் முகத்தைக் கீழ்நோக்கித் தடவியதில்லை. மாடியில் வீடு, கீழே அவளுடைய சரும நிலையம். அங்கே வருகிற ஒவ்வொருத்தியிடமும் அவள் முதலில் சொல்வதே அதுதான்: "மேல, எப்பவும் மேல. கீழ இழுத்தா தொங்கிடும்." நாற்பத்தாறு வயதில் முப்பது போல இருந்தாள் என்றால் அது சும்மா வந்துவிடவில்லை. விடியுமுன் வெந்நீர், நாற்பது நிமிட நடை, இருட்டுவதற்குள் சாப்பாடு, ஒன்பது மணிக்குத் தூக்கம். அதுவும் மல்லாந்து, ஒருக்களித்தால் கன்னம் மடியுமாம். சர்க்கரையைக் கையால் தொட்டுப் பன்னிரண்டு வருடம். வாய்விட்டுச் சிரித்தால் கோடு விழும் என்று சிரிப்பையும் உதட்டு நுனியோடு நிறுத்திக்கொண்டாள். இப்படி வாழ்வதற்குக் கிழவியாகவே ஆகித் தொலைத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். நமக்கு அந்தத் தொழில் தெரியாது. அவள் முகம்தான் அவளுடைய கடை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிலையத்தின் பத்தாவது ஆண்டு விழா. அறுபது வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். இரண்டாவது கிளையை அறிவிக்கப் போகிறாள். கூடத்தில் மாட்டியிருக்கும் விளம்பரப் பலகைக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில், அந்த முகத்தோடு அவள் நின்றாக வேண்டும்.

தூக்கத்தில் கை பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டு முகத்தைக் கழுவினாள். கிரீம் போயிற்று. கோடுகள் போகவில்லை.

கூடத்துப் பலகையில் இரண்டு படங்கள். இடது பக்கம் கருத்து, வதங்கி, கண்ணுக்கடியில் பை கட்டிய ஒரு முகம். அடியில் 'முன்' என்று எழுதியிருந்தது. வலது பக்கம் சின்னவளின் முகம்; அடியில் 'பின்'. இரண்டும் ஒரே பெண், ஆறே மாதத்தில் வந்த மாற்றம் என்று நிலையம் பத்து வருடமாகச் சொல்லி வந்தது. ஆனால் இடது பக்கம் இருந்தது அவளுடைய அக்கா.

அம்மா போனபோது பெரியவளுக்குப் பதினாறு, சின்னவளுக்குப் பத்து. பெரியவள் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரித் துணிகளை வெந்நீரிலும் பிளீச்சிங் பவுடரிலும் துவைக்கிற வேலை. அந்த ஆவியில் வெந்த முகம் அது. சின்னவளை அழகுக்கலை படிக்க வைத்ததும் அந்த ஆவிதான். நிலையம் திறக்கும் சமயம், ராத்திரி வேலை முடித்து அப்படியே வந்தவளைச் சின்னவள் கேமரா முன்னால் நிறுத்தினாள். "சும்மா லைட் சரியா விழுதான்னு பாக்கத்தான்க்கா." பெரியவள் முடியை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். "சிரிக்காதேக்கா" என்றாள் சின்னவள்.

பெரியவளின் மோவாயில், இடது ஓரத்தில், மிளகு அளவு மச்சம். இரண்டு முகமும் ஒன்றாகத் தெரிய வேண்டுமே என்று சின்னவள் தினமும் அதே இடத்தில் மைப்பென்சிலால் ஒரு மச்சம் வைத்துக்கொள்வாள். ராத்திரி பஞ்சால் துடைத்துவிடுவாள்.

செவ்வாய் ராத்திரி துடைத்தாள். மை வரவில்லை. எண்ணெய் விட்டுத் துடைத்தாள், தோல் சிவக்கும்வரை துடைத்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. கடைசியில் விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். மேடாக இருந்தது. அதில் ஒற்றை முடி.

புதன்கிழமைக்குள் தாடையோரம் தளர்ந்துவிட்டது. தன்னிடம் இருந்த அத்தனையையும் பூசினாள், ஐஸ் ஒத்தினாள், ஊசிகூடப் போட்டுக்கொண்டாள். மத்தியானம் வழக்கம்போல இருபது நிமிடம் கண்ணயர, முன்னறைச் சாய்வு நாற்காலியில் படுத்தாள். கண்கள் மேல் ஈரப் பஞ்சு. ஆவி இயந்திரம் தலைமாட்டில் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலும் வெதுவெதுப்பும் அவளுக்கு எப்போதும் தாலாட்டு மாதிரி. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ தலைமாட்டில் வந்து நின்றார்கள். இரண்டு கைகள் கன்னத்தில் படிந்து, மெதுவாக, மிகுந்த பொறுமையோடு தடவ ஆரம்பித்தன. ஆரம்ப நாளிலிருந்து கூட இருக்கும் மேனேஜரம்மாதான் அவ்வப்போது இப்படி வந்து பிடித்துவிடுவாள்.

"மேல தடவுங்க மேனேஜர்" என்றாள் சின்னவள், தூக்கக் கலக்கத்தில். "என்ன இது, புதுசா வந்தவங்க மாதிரி."

கைகள் கேட்கவில்லை. கண்ணுக்கடியிலிருந்து தாடைக்கு. மறுபடி கண்ணுக்கடியிலிருந்து தாடைக்கு. விரல் நுனிகள் சொரசொரவென்று, தண்ணீரில் ஊறி வெடித்துக் காய்ந்த தோலாக இருந்தன. ஆவியில் ஒரு வாடை ஏறிக்கொண்டே வந்தது. சூடான ஈரத்துணி. பிளீச்சிங் பவுடர்.

"மேடம்?" மேனேஜரம்மாவின் குரல். கூடத்திலிருந்து. "கூப்பிட்டீங்களா? இங்க ஃபோன்ல இருக்கேன், இதோ வரேன்."

கைகள் நிற்கவில்லை. காதோரம் சூடாக ஒரு மூச்சு. விசில் மாதிரி இழுக்கிற மூச்சு.

"என் மூஞ்சிய எனக்குக் குடுத்துடு பாப்பா."

அலறிக்கொண்டு பஞ்சைப் பிய்த்தெறிந்தாள். அறையில் யாருமில்லை. ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது.

அந்த வார்த்தை அவளுக்குப் புதிதல்ல. சலவைக்கூடத்தில் பெரியவளுக்கு 'முன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 'முன் வந்தாச்சு', 'முன் சாப்பிட்டாச்சா'. பஸ்ஸில் உற்றுப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் தங்கையிடம் கேட்டது அந்த ஒன்றுதான்: படத்தை எடுத்துவிடு, என் மூஞ்சிய எனக்குக் குடுத்துடு. சின்னவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வருட விழா நடந்துகொண்டிருந்தபோது பெரியவள் கேட்க வந்துவிட்டாள். முன்னும் பின்னும் ஒரே கூடத்தில் நின்றால் கதை கந்தலாகிவிடுமே! கொல்லைப்புறமாகக் கூட்டிப்போய், அமிலக் கரைசல் தடவித் தோல் உரிக்கிற பின்னறையில் உட்கார வைத்தாள். ஜன்னல் இல்லாத அறை. "அஞ்சே நிமிஷம்க்கா" என்று வெளியே தாழ் போட்டாள். பெரியவளுக்கு இளைப்பு நோய் என்பது அவளுக்குத் தெரியும். தட்டும் சத்தம் கேட்டபோது யாரோ ஒரு வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்தார். சின்னவள் மேனேஜரம்மாவின் காதில் சொன்னாள். மேனேஜரம்மா சொன்னாள்: "ஒண்ணுமில்லம்மா, உள்ள மெஷின் ஓடுது."

மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தார்கள். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். யாருடைய இதயமும் கடைசியில் நிற்கத்தானே செய்யும். கதவில் கையகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது, கூடத்தைப் பார்த்தபடி. அதன் உட்புறத்தில் நான்கு விரல் தடங்கள். மேலிருந்து கீழே வழுக்கி இறங்கியவை.

அதற்குப் பிறகாவது அந்தப் படத்தை எடுத்தாளா? இனி யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று இன்னும் பெரிதாக அச்சடித்து மாட்டினாள். பாவி.

வியாழக்கிழமை அதை எடுத்துவிடலாம் என்று ஏணி போட்டு ஏறினாள். பலகையைத் தொட்டவள் அப்படியே இறங்கிவிட்டாள். 'முன்' படத்தில் கண்ணுக்கடியில் பை இல்லை. கருப்பு வெளுத்திருந்தது. உதட்டோரம் லேசாகச் சிரிப்பு.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு நீலப் புடவை கட்டிக்கொண்டு, முகத்தைத் துணியால் மறைத்தபடி கீழே வந்தாள். முன்னறைகளில் எல்லாம் ஆட்கள். யாரும் பார்ப்பதற்குள் தாடையை இழுத்து ஒட்டி, மேலே பூச்சுப் போட்டு ஒப்பேற்றியாக வேண்டும். காலியாக இருந்தது பின்னறை ஒன்றுதான். ஒரு வருடமாக அவள் மிதிக்காத அறை. வேறு வழியில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கைப் போட்டாள்.

கண்ணாடியில் இருந்த முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். கன்னம் தாடையில் வந்து தொங்கியது. கண்கள் பைக்குள் புதைந்திருந்தன. கருத்து, வதங்கி, ஆவியில் வெந்த முகம். டேப்பை எடுத்து இழுத்து ஒட்டினாள். தோல் நழுவியது. மறுபடி ஒட்டினாள். நழுவியது.

கூடத்தில் கைதட்டல் கேட்டது. ஒலிபெருக்கி லேசாக அலறி அடங்கியது.

"எல்லாருக்கும் வணக்கம்!"

சின்னவளின் சொந்தக் குரல்.

கதவை இழுத்தாள். வெளியே தாழ் போட்டிருந்தது.

கையகலக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். கூடம் நிறைய ஆட்கள். பலகைக்குப் பக்கத்தில் நீலப் புடவையில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பினாள். முப்பது வயது முகம், மோவாயில் மச்சம். யாரோ ஏதோ வேடிக்கை சொன்னார்கள். அவள் சிரித்தாள். வாயைத் திறந்து, பல் தெரிய, கோடு விழுமே என்ற பயமே இல்லாமல், வயிறு குலுங்கச் சிரித்தாள்.

சின்னவள் அப்படிச் சிரிக்க மாட்டாள். அப்படிச் சிரிக்கிற ஒருத்தியை அவளுக்குத் தெரியும்.

பலகையில் 'முன்' படம் மாறியிருந்தது. நீலப் புடவை. தொங்கிய கன்னத்தில் பிய்ந்த டேப். கையகலக் கண்ணாடிக்குப் பின்னால், வாய் பிளந்த ஒரு முகம்.

"மேனேஜர்! நான்தான்! கதவைத் திறங்க!"

குரல் வரவில்லை. விசில் மாதிரி ஒரு காற்றுதான் வந்தது. நெஞ்சு அடைத்தது. அமில வாடை மூக்கை எரித்தது. இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள்.

கடைசி வரிசையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

மேனேஜரம்மா அவள் பக்கம் குனிந்தாள். "ஒண்ணுமில்லம்மா, உள்ள மெஷின் ஓடுது."

"முக்கியமான விஷயம் இதுதான்" என்றது ஒலிபெருக்கி. அந்தக் கண்கள் கூடத்தைத் தாண்டி, நேராக இந்தக் கதவைப் பார்த்தன. "எல்லாரும் கைய கன்னத்துல வைங்க. என்கூட செய்யுங்க. மேல."

அறுபது பேரும் கன்னத்தை மேல்நோக்கித் தடவினார்கள். அறைக்குள், விளக்கின் முழு வெளிச்சத்தில், பின்னாலிருந்து இரண்டு சொரசொரப்பான கைகள் வந்து சின்னவளின் கன்னங்களில் படிந்தன. இறங்கின.

"மறுபடியும். மேல."

இறங்கின.

மூச்சு வரவில்லை. கால் மடங்கியது. கதவுக் கண்ணாடியைப் பிடித்தாள். பிடி கிடைக்கவில்லை. போன வருடத்துத் தடங்களுக்குப் பக்கத்தில் அவளுடைய நான்கு விரல்களும் வழுக்கிக்கொண்டு வந்தன. மெதுவாக. மேலிருந்து கீழே.

"இன்னும் ஒரு தடவை" என்றது ஒலிபெருக்கி. "மேல."