கண்ணாடிக் கடையில் ஒரு படம்

அவள் பேருந்தை விட்டு இறங்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. குடையை விரிப்பதற்குள் யாருடைய முழங்கையோ இடித்தது. மூக்கின் மேலிருந்த கண்ணாடி எங்கோ பறந்தது... அடுத்த நொடி 'நறுக்' என்று ஒரு சத்தம்.

"ஐயோ, மிதிச்சிட்டேன்... மன்னிச்சிடுங்க," என்றது ஓர் ஆண் குரல்.

கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு உலகமே நீரில் கரைந்த வண்ணம்தான். எதிரே ஒரு நீலச் சட்டை. அதற்கு மேலே மங்கலாக ஒரு முகம்.

"பார்த்து நடக்க மாட்டீங்களா? இன்னும் ஒரு மணி நேரத்துல எனக்கு கிளாஸ் இருக்கு. பசங்க முகம்கூட தெரியாது."

"நல்லா திட்டுங்க, தப்பே இல்ல. ஆனா மிதிச்சவன் கண்ணாடிக் கடைக்காரன். எதிர்ல இருக்கறதுதான் என் கடை. அரை மணி நேரம் குடுங்க, சரி பண்ணிடறேன்."

"இப்படி மிதிச்சுதான் ஆள் பிடிக்கறீங்களா?"

"இதுவரைக்கும் இல்ல. யோசனை நல்லாதான் இருக்கு."

சிரித்துவிடக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடையில் அவளை உட்கார வைத்து, சோதனைச் சட்டத்தில் வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டான். "இது தெளிவா... இல்ல, இதுவா?" ஒரு நாளைக்கு இருபது ஜோடிக் கண்களைப் பார்ப்பவன்தான். ஆனால் இமை நுனியில் ஒரு மழைத்துளியைத் தாங்கிக்கொண்டு நின்ற இந்தக் கண்கள்... வில்லையை எந்தப் பக்கம் போடுவது என்றே அவனுக்கு மறந்துபோனது.

"சார், ஒரே வில்லையை மூணு தடவை போட்டுட்டீங்க."

"சரியா சொல்றீங்களான்னு பார்த்தேன்," என்று சமாளித்தான்.

புதுக் கண்ணாடியை அவனே மாட்டிவிட்டான். உலகம் சட்டென்று கூர்மையானது. முதலில் தெரிந்தவை அவன் கண்கள்... இவ்வளவு அருகிலா? அவள் அவசரமாகப் பார்வையைத் திருப்பினாள். சுவரில் இருந்த பெரிய திரையில் கடையின் இணையப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கழுத்தில் பதக்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது அவளுடைய ஏழாம் வகுப்பு மாணவி. வகுப்பே மீன்குட்டி என்று கூப்பிடும் நீச்சல்காரி. படத்தின் கீழே முழுப் பெயர், பள்ளி, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எந்த நீச்சல் குளத்தில் பயிற்சி என்பது வரை இருந்தது.

"இதை யார் போட்டது?"

"நான்தான். என் அண்ணன் பொண்ணு," என்றான் பெருமையாக.

"உடனே எடுத்துடுங்க. நான் அவளோட கம்ப்யூட்டர் டீச்சர். முகம் தெரியாத ஒருத்தன் அவளைத் தேடிப் போறதுக்கு என்னென்ன வேணுமோ, எல்லாத்தையும் நீங்களே எழுதி வச்சிருக்கீங்க."

கடையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அவன் முகம் சிவந்தது. "எங்க வீட்டுப் பொண்ணைப் பார்த்துக்க எங்களுக்குத் தெரியும் டீச்சர். பாடத்தை கிளாஸ்ல நடத்துங்க."

அவள் எழுந்து வெளியேறினாள். மழையிலேயே விடுவிடுவென்று நடந்தாள். கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தின் நடுவிலும் அந்தக் கண்கள் ஏன் நினைவுக்கு வர வேண்டும்... அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை. இணையத்தில் பத்திரமாக இருப்பது பற்றிய வகுப்பு முடிந்து, எல்லாரும் போன பிறகும் மீன்குட்டி போகவில்லை. பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்து நீட்டினாள். திரையில் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து ஒரு செய்தி.

'நானும் உன்னை மாதிரி நீச்சல்தான், வயசும் பன்னிரண்டுதான். பதக்கம் போட்ட படம் சூப்பர். சனிக்கிழமை பயிற்சிக்கு முன்னாடி குளத்துக்குப் பின்பக்கம் வா. பரிசு வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லாதே.'

"நான் பதிலே போடல மிஸ். அழிக்கவும் இல்ல. நீங்கதான் அழிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க... என்மேல தப்பா மிஸ்?"

"உன்மேல ஒரு தப்பும் இல்லடா கண்ணு. சொன்ன பாரு, அதுதான் தைரியம்." அவள் மீன்குட்டியின் கையைப் பிடித்துத் தலைமை ஆசிரியையிடம் கூட்டிப்போனாள்.

தலைமை ஆசிரியை காவல் துறைக்குத் தகவல் சொன்னார். மீன்குட்டியின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. அம்மா நர்ஸ், அப்போது அறுவை சிகிச்சை அறையில் இருந்தாள். அதனால் வந்து நின்றது சித்தப்பா... மூச்சிரைக்க, செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு. செய்தியைப் படித்தான். மறுபடி படித்தான். பேசாமல் தன் கைபேசியை எடுத்து அந்தப் படத்தை அழித்தான். டீச்சரை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.

சனிக்கிழமை காலை, குளத்தின் பின்பக்கம் காத்திருந்தவனைக் காவலர்கள் பிடித்தார்கள். வயது பன்னிரண்டு இல்லை, நாற்பது.

அதற்குப் பிறகு கண்ணாடிக் கடைக்காரன் பள்ளிப் பக்கமே வரவில்லை. மீன்குட்டியைக் கூட்டிப்போக அண்ணிதான் வந்தாள். டீச்சரும் அவன் கடை இருந்த தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனாள். 'வந்து ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும் இவருக்கு... சரி, நான் போனால் மட்டும் என்ன குறைந்துவிடும் எனக்கு?'

மூன்று வாரம் கழித்து, பெற்றோர் கூட்டம். அரங்கில் நூறு பேராவது இருப்பார்கள். அவள் பேசி முடித்ததும் ஒரு அப்பா எழுந்தார். "இதெல்லாம் பசங்களுக்குச் சொல்ல வேண்டியது. எங்களுக்கு எதுக்கு மிஸ்?"

கடைசி வரிசையில் ஒரு நீலச் சட்டை எழுந்தது. அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள்... அவனேதான்.

"எனக்காகத்தான் சார்," என்றான். "எங்க வீட்டுப் பொண்ணு படத்தை பேர், இடம், நேரத்தோட நான் போட்டேன். எடுங்கன்னு இந்த டீச்சர் அன்னைக்கே சொன்னாங்க. நாலு பேர் முன்னாடி சொல்லிட்டாங்களேன்னு எனக்கு ரோஷம். எடுக்கல. அதைப் பார்த்து ஒருத்தன் வந்தான். பொண்ணு இவங்க பாடத்தைக் கேட்டதால தப்பிச்சா. அவ யாருன்னு சொல்ல மாட்டேன். இங்க பேசறதுக்கே அவகிட்ட கேட்டுட்டுதான் வந்தேன். தப்பு என்னோடது."

யாரோ ஒருவர் கைபேசியை எடுத்து எதையோ அழிக்க ஆரம்பித்தார்... பக்கத்தில் இருந்தவரும் எடுத்தார்.

அவளுக்குக் கண்ணாடி பனித்துப்போனது.

எல்லாரும் கிளம்பிய பிறகு அவள் புரொஜெக்டர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் மேடை அருகே வந்து நின்றான்.

"டீச்சர்... இனிமே உங்ககிட்ட பேச எனக்கு ஒரு சாக்கும் இல்ல. அதனால நேராவே சொல்லிடறேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசை. யோசிச்சு சொல்லுங்க... எத்தனை நாள் ஆனாலும் சரி."

சுற்றிய ஒயரை அவள் ஏனோ பிரித்து, மறுபடி முதலிலிருந்து சுற்றினாள். உள்ளே ஏதோ ஒன்று குதியாட்டம் போட்டது. அதை முகத்தில் காட்டாமல் இருப்பது பெரும்பாடாக இருந்தது.

"எங்க அம்மாகிட்ட நீங்களே வந்து பேசணும்."

"இன்னைக்கே வரேன்... ஆனா நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியாதே?"

அவள் ஒயரைக் கீழே வைத்தாள். இந்த முறை பார்வையைத் திருப்பவில்லை.

"தெரியும்," என்றாள். "போன வாரமே சொல்லிட்டேன்."