இறங்கு என்றுதான் சொன்னாள்

"இறங்குல கிதியோன். வேலையைப் போட்டுட்டு இப்பவே இறங்கு," என்றாள் ஜெசிந்தா.

தூத்துக்குடிக் கரையில், கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவள் அப்படிச் சொன்னாள். நடுக்கடலில் காற்றாலைக் கம்பத்தின் ஏணியில் நின்றிருந்த கிதியோனின் காதில், அதே ஜெசிந்தாவின் குரலில், வேறொன்று விழுந்தது. "கிதியோன், அருமையாச் செய்யுத. கையில இருக்கதை முடிச்சிட்டு, உனக்குச் சரின்னு பட்டா இறங்கி வா."

அவன் மகிழ்ச்சியோடு அடுத்த மரையை முடுக்கத் தொடங்கினான்.

இடையில் இருந்தது இதமி. காதுக்குள் பயறளவு கருவி ஒன்று. அதை இயக்கும் பெருங்கணினி சென்னையில், காற்றாலை நிறுவனத்தின் தலைமையகத்தில் இருந்தது. ஒருவர் பேசுவதை, எழுதுவதை, கேட்பவர் மனம் கோணாதபடி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. கிதியோனை அதட்டினால் முறுக்கிக்கொள்வான் என்று அது நாலு வருடத்தில் கற்றிருந்தது. இதமி வந்தபின் அலுவலகச் சண்டைகள் ஓய்ந்துவிட்டன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே குழுக்கள் உருவாகி, நட்பாகி, சில இடங்களில் கல்யாணம் வரைக்கும் போயின. தொனி மட்டும்தான் மாறுகிறது, விஷயம் அப்படியே போய்ச் சேருகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். ஜெசிந்தாவின் குழு சிறந்த உரையாடலுக்கான நிறுவன விருதை மூன்று முறை வாங்கியிருந்தது.

ஏணியின் மேல்பிடி கழன்று ஆடுவதை அவள் கேமராவில் பார்த்துத்தான் கூப்பிட்டாள். இரண்டாம் முறை கத்தினாள். அது இன்னும் இனிமையாகப் போய்ச் சேர்ந்தது. பிறகு ஏணி பிய்ந்தது.

விசாரணைக் குழு இதமி கொடுத்த பதிவுகளைக் கேட்டுவிட்டு, உரையாடலில் குறையில்லை, தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டது.

ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கிதியோனை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இடது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. அவள் தன் காதிலிருந்து இதமியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவன் காதிலிருந்ததை நர்ஸ்கள் முன்பே எடுத்திருந்தார்கள்.

தான் சொன்னதை அவள் சொன்னாள். தான் கேட்டதை அவன் சொன்னான்.

"அப்ப, எங்கம்மா செத்தப்ப நீ பேசுனது?" என்று கேட்டான் கிதியோன். "ராத்திரி பூரா பேசுனியேக்கா."

அவளுக்கு அது நினைவிருந்தது. அன்றைக்கு அவள் தூக்கக் கலக்கத்தில் இரண்டு வரிதான் பேசினாள். மிச்சத்தை இதமி அவளுக்காகப் பேசியிருக்கிறது. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

"ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ, உன் வேலையை நம்ம குழு ரிஃபாயா பாத்துக்குவா, அப்படின்னு சொன்னேன். அவ்வளவுதான்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "அந்தப் பேச்சை நம்பித்தான் அப்ப நான் உசிரோட இருந்தேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டாள். எழுந்தபோது அவன் திரும்பாமலே சொன்னான்: "பேச வரலைன்னா சும்மா இரு. போயிராத."

பார்வையாளர் நேரம் முடியும்வரை அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஜெசிந்தா நடந்ததைச் சொன்னதும், மறுநாளே குழு முழுவதும் இதமியைக் கழற்றியது. முதல் வாரம் கொடுமையாக இருந்தது. காயல்பட்டினத்திலிருந்து இயந்திரங்களை இயக்கிய ரிஃபாயா, ஜெசிந்தாவிடம் உள்ளதைச் சொன்னாள்: "நீங்க இவ்வளவு கடுகடுன்னு இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாது." ஜெசிந்தாவும் பதிலுக்குக் கடுகடுத்தாள். ஒருவர் வேலையை விட்டே போய்விட்டார். ஆனால் நில் என்றால் நின்றார்கள். இறங்கு என்றால் இறங்கினார்கள்.

நிறுவனம் எச்சரிக்கை அனுப்பியது. இதமி இல்லாமல் வேலை செய்வது விதிமீறல். குழு கூடி நிர்வாக இயக்குநர் பத்ரிநாராயணனுக்குக் கடிதம் எழுதியது. உங்கள் கருவியால் ஒருவன் கால் போயிற்று, இனி அதை அணிய மாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டே நாளில் பதில் வந்தது. உங்கள் பாராட்டு என்னை நெகிழச் செய்தது, இதே ஒற்றுமையோடு தொடருங்கள் என்றிருந்தது.

ரிஃபாயாதான் முதலில் புரிந்துகொண்டாள். கடிதங்களும் இதமி வழியாகத்தான் போகின்றன. பதிலில் அவர் உண்மையில் என்ன எழுதினார் என்பதும் யாருக்கும் தெரியாது.

சென்னைக்கே போகிறேன் என்றாள் ஜெசிந்தா.

"போய்? அவர் காதுலயும் அதானே இருக்கு," என்றாள் ரிஃபாயா.

நாலைந்து நாள் யோசித்தார்கள். தலைமையகக் கட்டடம் தங்கள் காற்றாலை மின்சாரத்தில் மட்டுமே இயங்குகிறது என்பது நிறுவனத்தின் பெருமை. அதற்கென்றே ஆறு கம்பங்கள் தனியாக இருந்தன. பாதுகாப்பு ஆய்வுக்காக எந்தக் கம்பத்தையும் நிறுத்தும் அதிகாரம் குழுத்தலைவிக்கு உண்டு. அந்த ஆறு கம்பங்களின் ஏணிகளும் கிதியோன் விழுந்த ஏணியின் வகைதான். திங்கட்கிழமை காலையில், காயல்பட்டினத்திலிருந்து ரிஃபாயாவும் ஊன்றுகோலோடு கிதியோனும் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சேர்ந்ததும், ஜெசிந்தா ஆறையும் நிறுத்தினாள்.

தலைமையகத்தின் சேமிப்பு மின்கலங்கள் மதியம்வரை தாங்கின. பிறகு விளக்குகள் அணைந்தன, மின்தூக்கிகள் நின்றன, இதமியின் பெருங்கணினியும் நின்றது.

சாப்பிட்டு முடிப்பதற்குள் ஜெசிந்தாவின் சொந்த போன் அடித்தது. பத்ரிநாராயணன். குரல் அவள் அறிந்த அதே குரல்தான்; அவர் இப்படிப் பேசித்தான் அவள் கேட்டதில்லை.

"யாரைக் கேட்டு நிறுத்தினே? உன் வேலை இன்னிக்கே போயிடும், தெரியுமா?"

"போகட்டும் சார். இதமி வேண்டாம்னு எழுதியிருந்தோம்."

"வேண்டாம்னா? அது ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதினீங்க. நான் கூட்டத்துல படிச்சுக் காட்டினேன்."

"கிதியோனுக்குக் கால் போச்சுன்னும் எழுதியிருந்தோம்."

"சுளுக்குன்னு சொன்னாங்களே," என்றார் அவர்.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க சார்."

கம்பங்களை முதலில் ஓடவிடு, மற்றதை அப்புறம் பேசலாம் என்றார்.

"முடியாது சார். பேசி முடிச்ச பிறகுதான் ஓடும்."

அவர் திட்டத் தொடங்கினார். நாலு வருடத்து ஆத்திரமெல்லாம் அதில் இருந்தது. ஜெசிந்தா போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள். ரிஃபாயா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிதியோன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்தான். ஒரு சொல் விடாமல் கேட்டார்கள்.

அவர் ஓய்ந்ததும் கிதியோன் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இப்ப நான் பேசலாமா சார்?" என்று கேட்டான்.