உங்களுடன் யாராவது இருக்கிறார்களா

அன்று மதியத்துக்குள் பிரகாசி பதினோரு வாக்கியங்களைக் கொன்றிருந்தாள். இன்னும் நூற்றுச் சொச்சம் பாக்கி இருந்தது. உலகம் பேசும் ஆங்கிலத்தில் மொத்தமே அறுநூற்று நாற்பது வார்ப்புகள்தான் மிச்சம். அதையும் ஐந்நூறாகச் சுருக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

வார்ப்பு என்பது வேறொன்றுமில்லை, வாக்கியத்தின் வெறும் கூடு. நான், நீ, அவன் என்று ஓர் ஆள், ஒரு வினை, இரண்டையும் எதனோடாவது கட்டிவைக்க இன், ஆன், வித், ஃபார் என்று ஒரு முடிச்சு. கழுத்தில் குரல்பட்டையை மாட்டிக்கொண்டு தமிழில் முணுமுணுத்தால் போதும். பட்டை தோதான வார்ப்பை எடுத்து, உங்கள் குரலிலேயே ஆங்கிலமாக வெளியே விடும். எதிராளி சொல்வதைத் தமிழாக்கிக் காதில் ஓதும். இத்தனை வசதி வந்த பிறகு எவன் மெனக்கெட்டு ஆங்கிலம் படிப்பான்?

பட்டை வருவதற்கு முன்னால் பிரகாசி தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினாள். "ஷீ லுக்ஸ் அட் மீ, தே வெயிட் ஃபார் ஹிம்" என்று முப்பது பேர் ஒரே குரலில் சொல்லும்போது கீழே டீக்கடைக்காரரும் கூடச் சேர்ந்து சொல்லுவார். பட்டை வந்த ஆறே மாதத்தில் அந்த மாடியில் அவள் ஈ ஓட்டினாள். கடைசியில் பட்டை செய்யும் நிறுவனமே அவளை வேலைக்குக் கூப்பிட்டது. ஆங்கிலத்தைச் சின்னச் சின்னக் கூடுகளாகப் பிரித்து வைக்கத் தெரிந்த ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. வீட்டிலிருந்தே வேலை. ஒரு திரை, ஒரு நாற்காலி, நாள் முழுக்க வாக்கியங்கள்.

ஆனால் இன்று வேலையில் மனம் ஓடவில்லை. அவள் கணவன் கிளாட்வின் எண்ணெய்க் கப்பலில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீட்டுக்கு வந்ததும் தவறாமல் கூப்பிடுவான். போன வாரம் பேசும்போது, "பம்பு ரூமுக்குள்ள ஒரே கேஸ் வாடை, பிரகாசி. மூச்சு முட்டுது. சொன்னா ஒருத்தனும் காதுல வாங்க மாட்டேங்கான்" என்றான். இந்த ஞாயிறு அவன் கூப்பிடவில்லை. இன்று செவ்வாய்.

பன்னிரண்டரை மணிக்கு போன் அடித்தது.

"ஐ ஆம் வேல்சாமி ஃப்ரம் தி கம்பெனி," என்றது ஓர் இளம் குரல். கப்பல் நிறுவனம். இரண்டு பக்கமும் தமிழர்களே இருந்தாலும் நிறுவனங்கள் வார்ப்பில்தான் பேசும். வார்ப்புகளை வக்கீல்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். தமிழுக்கு யார் ஒப்புதல் கொடுப்பது?

"ஆர் யூ கிளாட்வின்ஸ் வைஃப்?"

"யெஸ்."

"ஆர் யூ அட் ஹோம்?"

அடுத்து எது வரும் என்று அவளுக்குத் தெரியும். வரக்கூடாது என்று நெஞ்சுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள்.

"இஸ் எனிபடி வித் யூ?"

உங்களுடன் யாராவது இருக்கிறார்களா. ஒன்பதாம் தொடரின் மூன்றாம் வார்ப்பு. எழுதியது பிரகாசி.

நான்கு வருடத்துக்கு முன்பு, அடுப்படியில் தனியாக நின்றிருந்த ஒரு பெண்ணுக்குப் போனில் சாவுச் செய்தியை அப்படியே போட்டு உடைத்துவிட்டார்கள். அவள் கொதிக்கிற குழம்பின் மேலேயே விழுந்தாள். அதைக் கேட்டுத்தான் பிரகாசி நிறுவனக் கூட்டத்தில் சண்டை போட்டு இந்தத் தொடரைக் கொண்டுவந்தாள். யாரும் தனியாக இருக்கும்போது சாவைக் கேட்கக்கூடாது. முதலில் துணை இருக்கிறதா என்று கேள். இல்லை என்றால் ஒன்றும் சொல்லாதே, ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடு. சொல்பவர் மனம் இளகி உளறிவிடக்கூடாது என்று, துணை இருக்கிறது என்ற பதில் வரும்வரை மற்ற வார்ப்புகளைப் பட்டை பூட்டியும் வைத்துவிடும். சாவைத் தவிர வேறு எதற்கும் இந்தத் தொடரை எடுக்கக்கூடாது என்பதும் அவள் போட்ட விதிதான். எழுதியதிலேயே அவள் பெருமைப்பட்டது இது ஒன்றைத்தான்.

"நோ," என்றாள். பழக்கத்தில் உண்மை வந்துவிட்டது.

"வீ வில் கால் யூ இன் ஒன் அவர்."

"வாட் ஹாப்பன்ட் டு ஹிம்? டெல் மீ."

"வீ வில் கால் யூ இன் ஒன் அவர்."

பிரகாசி ஆங்கிலத்தை விட்டாள். "தம்பி, வேல்சாமின்னுதானே சொன்னீங்க? அந்தப் பட்டையைக் கழட்டிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அவுக இருக்காகளா?"

அழைப்பெல்லாம் பதிவாகும், கழற்றினால் அவனுக்கு வேலை போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும். எதிர்முனையில் பட்டையின் கொக்கி கழலும் சத்தம் கேட்டது.

"அக்கா," என்றான். அதுவரை பேசிய குரலை விடச் சின்னப் பையன் குரல் அது. "பக்கத்துல யாரையாச்சும் கூப்பிட்டு வச்சிக்கோங்கக்கா."

போன் கட்டானது.

அவள் திரையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். காலையில் கொன்ற பதினொன்றும் ஓரத்தில் சிவப்பாகக் கிடந்தன. அதில் ஏழாவது, "ஐ டோன்ட் நோ." எனக்குத் தெரியாது. வியாபாரத்துக்கு ஆகாத வாக்கியம் என்று அவள்தான் அடித்திருந்தாள். அந்தப் பையன் இந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் அவன் காலில் விழுந்திருப்பாள்.

விதிப்படி அவள் செய்ய வேண்டியது சுலபம். பக்கத்து வீட்டு ரோஸ்லினைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு, "யெஸ்" என்று சொல்ல வேண்டும். கூப்பிடாமலே பொய் சொன்னாலும் பட்டைக்குத் தெரியப்போவதில்லை. அவள் எழுந்திருக்கவில்லை.

ஒன்றரை மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்பு வாசல் கதவு தட்டப்பட்டது. ரோஸ்லின்தான்.

"அக்கா, இருக்கியளா? சாளை மீனு கொழுகொழுன்னு கிடைச்சுது. உங்களுக்கும் வாங்கியாந்தேன்."

பிரகாசி எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். போன் அடித்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே எடுத்தாள். இந்தத் தடவை ஒரு பெண் குரல். வேல்சாமி என்ன ஆனான் என்று கேட்டும் பிரயோசனமில்லை. அதற்குப் பதில் சொல்லும் வார்ப்பு பூட்டிக் கிடக்கும்.

"ஆர் யூ அட் ஹோம்?"

"யெஸ்."

"இஸ் எனிபடி வித் யூ?"

கதவுக்கு வெளியே ரோஸ்லினின் வளையல் சத்தம் கேட்டது. "என்னக்கா, உடம்புக்கு முடியலையா? கதவைத் திறங்க." ஒரு பலகையின் கனம்தான் நடுவில்.

பிரகாசி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

"நோ," என்றாள். "நோபடி இஸ் வித் மீ."

"வீ வில் கால் யூ இன் ஒன் அவர்," என்றது அந்தக் குரல்.

எத்தனை முறை இப்படித் திரும்பக் கூப்பிடலாம் என்று அவள் விதியில் எழுதவில்லை. ரோஸ்லின் மறுபடியும் தட்டினாள். பிரகாசி வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் சுவரோரம் உட்கார்ந்தாள். இன்னும் ஒரு மணி நேரம் கிளாட்வின் உயிரோடு இருப்பான்.