இரண்டாம் பாதி இழுவை

டெலிபோன் நான்காவது முறை அடித்தபோதுதான் இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"மேடம்... என் கடையில ஒருத்தர் செத்துக் கிடக்கார்."

"யாரு?"

"என் பார்ட்னர்."

"நீங்க யாரு?"

"மூக்குக் கண்ணாடிக் கடை. கோர்ட்டுக்கு எதிர்ல. இப்பதான் வந்து கதவைத் திறந்தேன்."

குரலில் பதற்றமே இல்லை. கண்ணாடி ரெடி, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்கிற அதே குரல்.

பத்து நிமிஷத்தில் இன்ஸ்பெக்டர் அங்கே இருந்தார். கூடவே எஸ்.ஐ. சர்வீஸில் பதினோரு வருஷம். கேள்வி கேட்பதில் பதினோரு வயசு.

கடையின் பின்னறை. லென்ஸ் தேய்க்கும் மெஷின். அதன் முன்னால் ஸ்டூல். ஸ்டூலுக்குக் கீழே கூட்டாளி, வெள்ளைக் கோட்டோடு குப்புறக் கிடந்தார். வழுக்கைத் தலையின் பின்பக்கம் ஒரே அடி. அடித்த ஆயுதம் பக்கத்திலேயே... பிரேம் மாட்டி வைக்கும் இரும்பு ஸ்டாண்டு.

கைரேகையைத் துடைத்திருந்தார்கள். லென்ஸ் துடைக்கிற துணியால். துடைத்த துணியை நாலாக மடித்தும் வைத்திருந்தார்கள்.

"சுத்தமான கொலைகாரன் மேடம்" என்றார் எஸ்.ஐ.

போலீஸ் டாக்டர் எழுந்து முழங்காலைத் தட்டினார். "நேத்து மத்தியானம் மூணுலேர்ந்து அஞ்சுக்குள்ள. சத்தம் போட்டிருக்க வாய்ப்பில்லை. மெஷின் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. ராத்திரி முழுக்க."

வாசல் கதவு இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். கதவில் தொங்கிய 'கடை மூடியிருக்கிறது' பலகையை யாரோ பொறுப்பாகத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கண்ணாடிக்காரர் முன்னறையில், கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு. இவருக்கும் வழுக்கை. செத்துப்போனவருக்கு அண்ணன் என்றால் நம்பலாம்.

"நேத்து மூணு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"மேட்னி."

"வேலை நாள்ல?"

"புதன்கிழமை மத்தியானம் மட்டும் எனக்கு லீவு மேடம். சினிமாவுக்குப் போவேன். ஒம்பது வருஷமாப் போறேன். அந்த நேரம் என் வேலையை அவர் பாத்துப்பார்."

"டிக்கெட் இருக்கா?"

"கிழிச்சுப் போட்டுட்டேன். ஆனா டைரி இருக்கு."

பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் பிரித்தார். பக்கம் பக்கமாகத் தேதி, படத்தின் பெயர், ஸீட் நம்பர், கீழே இரண்டு வரி அபிப்பிராயம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அபிப்பிராயம்தான் முள் முள்ளாக இருந்தது.

'ஹீரோ அழுதபோது தியேட்டர் சிரித்தது. ஹீரோ சிரித்தபோது தியேட்டரில் ஆள் இல்லை.'

'அண்ணனும் தம்பியும் பிரிந்து, தேடி, சேர்ந்தார்கள். தேடாமல் இருந்திருக்கலாம்.'

'இடைவேளைக் காப்பிக்கு இரண்டு மார்க். படத்துக்கு அதுவும் கஷ்டம்.'

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பின்னறையில் ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் இருமுவதுபோல் சமாளித்துவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

நேற்றைய தேதி. 'முதல் பாதி தேவலை. இரண்டாம் பாதி இழுவை. கடைசியில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சாகடித்தது டைரக்டரின் சோம்பேறித்தனம்.'

"இதை எப்ப எழுதினீங்க?"

"நேத்து சாயங்காலம் வீட்டுக்குப் போனதும். என் மனைவி எதிர்லதான் உக்காந்திருந்தா. கேட்டுப் பாருங்க."

மனைவியைக் கேட்டார்கள். வீட்டில் ஒவ்வொரு பொருளும் அளவெடுத்து வைத்ததுபோல் இருந்தது. அந்தம்மாவும்தான்.

"ஆமா, எழுதினார். எப்பவும் எழுதுவார்" என்றாள்.

"நீங்க அவரோட படத்துக்குப் போறதில்லையா?"

"தனியாப் பாத்தாத்தான் அவருக்கு ரசிக்குமாம். நேத்து எனக்குத் தலைவலி. நாள் பூரா வெளியிலயே போகலை."

எஸ்.ஐ. வெளியே வந்ததும் சொன்னார். "ஆளு சுத்தம் மேடம். ஒம்பது வருஷ டைரியை யாரு பொய்யா எழுதுவா?"

"எனக்குத் தெரிஞ்சு நிறையப் பேர். வண்டியைத் தியேட்டருக்கு விடுங்க."

தியேட்டர் மேனேஜர் போலீஸ் தொப்பியைப் பார்த்ததும் வியர்த்தார். நேற்றைய மேட்னி என்றதும் இன்னும் வியர்த்தார்.

"மேடம், முதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்..."

"என்ன தெரிஞ்சா?"

"நேத்து மேட்னி பாதில நின்னு போச்சு. மூணேகாலுக்கு இடைவேளை விட்டோம். அப்புறம் புரொஜக்டர் ஓடவே இல்லை. உள்ள இருந்ததே பதிமூணு பேரு. இன்னொரு நாள் வந்து பாருங்கன்னு சீல் போட்டு ஆளுக்கொரு சீட்டுக் குடுத்து அனுப்பிட்டேன். சாயங்கால ஷோவுக்குள்ள ரிப்பேர் முடிச்சாச்சு. அந்தப் பதிமூணு பேரைத் தவிர வெளியில ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"நானும் யார்கிட்டயும் சொல்லலை. போதுமா?"

இன்ஸ்பெக்டர் படியிறங்கும்போது டைரியின் கடைசிப் பக்கத்தை மறுபடி படித்தார். ஓடாத இரண்டாம் பாதி இழுவையாம்.

மதியம் கண்ணாடிக்காரர் ஸ்டேஷனில் இருந்தார்.

"உங்க பார்ட்னருக்கும் உங்களுக்கும் போன வாரம் சண்டை. பக்கத்து ஸெராக்ஸ் கடையில கேட்டிருக்காங்க."

"சண்டையில்லை மேடம். புதன்கிழமை இனிமே என் கோட்டை மாட்டிக்கிட்டு என் வேலையைப் பாக்க முடியாதுன்னு சொன்னார். கொஞ்சம் சத்தமா சொன்னார்."

"நேத்து நீங்க தியேட்டர்ல இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"இல்லை."

"போன வாரம்?"

"இல்லை."

"இந்த ஒம்பது வருஷத்துல எத்தனை படம் பாத்தீங்க?"

"ஒண்ணு. முத வாரம். அதுவும் தூங்கிட்டேன்."

எஸ்.ஐ.யின் வாய் திறந்தபடி நின்றது. "அப்ப இந்த அபிப்பிராயமெல்லாம்?"

"கண்ணு டெஸ்ட் பண்ண வர்றவங்க சும்மா உக்கார மாட்டாங்க சார். எல்லாரும் படம் பாத்துட்டு வந்து திட்டுவாங்க. அதைச் சுருக்கி எழுதிப்பேன். நேத்து எழுதினது காலையில வந்த ஒரு டீச்சர் சொன்னது. வீட்டுல கேட்டா பதில் சொல்லணுமே... மறந்துடக் கூடாதுன்னுதான் டைரி."

"சரி. படத்துக்குப் போகலை. வேற எங்க போனீங்க?"

அவர் கையிலிருந்த கைக்குட்டையைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"யாரைப் பாக்கப் போனீங்க?"

"சொல்ல மாட்டேன் மேடம்."

"கொலைக் கேஸு. புரியுதா?"

"புரியுது. இருந்தாலும் சொல்ல மாட்டேன். சொன்னா சிரிப்பீங்க."

லாக்கப் கதவு சாத்தப்பட்டது. எஸ்.ஐ. காதோரம் வந்து கிசுகிசுத்தார். "பொம்பளை விஷயம் மேடம். முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு."

இன்ஸ்பெக்டருக்கு அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவர் மனசில் அரித்துக்கொண்டிருந்தது வேறு. நாலாக மடித்த துணி. இந்த ஆள் கண்ணாடியைத் துடைத்த கைக்குட்டையைக் கசக்கித்தான் பாக்கெட்டில் திணித்தார்.

நாலு மணிக்கு மனைவி வந்தாள். ஒரு கையில் ஸ்வெட்டர், மறு கையில் ஹேண்ட்பேக். பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இது அவரோட பிரஷர் மாத்திரை. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"உக்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் தப்பிக்க இந்த டைரி ஒண்ணுதான் இருக்கு."

அந்தம்மா ஸ்வெட்டரை மடித்து மேஜையில் வைத்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"கட்டின புருஷனைப் பத்தி நானே சொல்லக் கூடாது. ஆனா மனசாட்சி உறுத்துது மேடம். பாதில நின்னுபோன படத்துக்கு அவர் எப்படி முடிவு எழுதினார்?"

பேனா உருட்டிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் விரல் நின்றது.

"பாதில நின்னு போச்சுன்னு யாரு சொன்னாங்க?"

"பேப்பர்ல..."

"பேப்பர்ல வரலை."

"பக்கத்து வீட்டுல பேசிக்கிட்டாங்க."

"பதிமூணு பேருக்குத்தான் தெரியும். நீங்க தலைவலியோட வீட்டுல இருந்தீங்க. அந்தப் பையைக் குடுங்க."

எஸ்.ஐ. பையைக் கவிழ்த்தார். சாவிக்கொத்து. சீப்பு. தலைவலித் தைலம். நாலாக மடித்த ஒரு சீட்டு... தியேட்டர் சீல், நேற்றைய தேதி, 'மேட்னி, மறுபடி அனுமதி.'

"இதைக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே?" எஸ்.ஐ.க்கு நிஜமாகவே வருத்தம்.

"முதல் பாதி நல்லா இருந்தது" என்றாள் அவள். "மீதியைப் பாக்கலாம்னு வச்சிருந்தேன்."

அப்புறம் மறைக்க எதுவும் இல்லை. நிதானமாகச் சொன்னாள்.

"நேத்து எங்க கல்யாண நாள். ஒரு தடவையாவது பக்கத்துல உக்காந்து பாக்கலாம்னு சொல்லாமப் போனேன். இருட்டுல தெரியலை. இடைவேளையில விளக்கைப் போட்டாங்க. வரிசை வரிசையாத் தேடினேன். அவர் இல்லை."

"அதனால?"

"தியேட்டர்லேர்ந்து கடைக்கு ரெண்டே தெரு. நடந்து போறதுக்குள்ள எல்லாம் புரிஞ்சு போச்சு. எவளோ ஒருத்தி. ஒம்பது வருஷம். அவளுக்குக் குழந்தை இருக்கும், ஸ்கூலுக்குப் போகும். இவர் ஃபீஸ் கட்டுவார். எல்லாம் கண்ணு முன்னால தெரிஞ்சுது."

"கடையில?"

"உள்ள போனேன். வெள்ளைக் கோட்டு, வழுக்கை, முதுகைக் காட்டிக்கிட்டு மெஷின்ல உக்காந்திருந்தார். 'எங்க போயிட்டு வந்தீங்க'ன்னு கேட்டேன். திரும்பக்கூட இல்லை. இப்படி... கையை மட்டும் ஆட்டினார். கொஞ்சம் இருங்கிற மாதிரி."

அவள் அந்தக் கையை ஆட்டிக் காட்டினாள். எஸ்.ஐ. தன்னையறியாமல் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"ஸ்டாண்டு கைக்கு வாட்டமா இருந்தது."

"அது உங்க வீட்டுக்காரர் இல்லைன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"முகத்தைப் பாக்கலை மேடம். துடைச்சேன், பலகையைத் திருப்பினேன், வந்துட்டேன். ஆறு மணிக்கு வாசல்ல சத்தம். செத்துப்போனவர் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தார். காப்பி கேட்டார். போட்டுக் குடுத்தேன். குடிச்சுட்டு டைரியை எடுத்து 'இரண்டாம் பாதி இழுவை'ன்னு எழுதினார்."

அவள் மேஜைமேல் இருந்த டைரியை விரலால் தட்டினாள்.

"அப்பத்தான் முடிவு பண்ணினேன். இந்த டைரியே இவரை உள்ள தள்ளட்டும்னு."

எழுதி வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி, நேராக வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். அவ யாரு?"

இன்ஸ்பெக்டர் லாக்கப்புக்குப் போனார். கண்ணாடிக்காரரிடம் நடந்ததைச் சொன்னார். அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். தன் கோட்டில் வேறொருவர் செத்திருக்கிறார் என்பது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இப்பவாவது சொல்லுங்க. புதன்கிழமை எங்க போவீங்க?"

"ரயில்வே ஸ்டேஷன்."

"எங்க போக?"

"எங்கயும் போக இல்லை. ரெண்டாம் பிளாட்பாரம் கடைசியில ஒரு இரும்புப் பெஞ்சு இருக்கு. மத்தியானம் ரெண்டுலேர்ந்து அஞ்சரை வரைக்கும் அங்க ரயிலே கிடையாது."

"அங்க யாரு வருவா?"

"யாரும் வர மாட்டாங்க மேடம். அதுக்குத்தான் போறேன். கடையில ஆறு நாளும் பேச்சு. வீட்டுல ஏழு நாளும் பேச்சு. அந்தப் பெஞ்சுல மூணரை மணி நேரம்... ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." தலையைக் குனிந்துகொண்டார். "சிரிப்பீங்கன்னு சொன்னேன்ல."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டருக்கு டெலிபோன் செய்தார். ஒன்பது வருஷமாகப் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து போகிற வழுக்கைத் தலையரை அங்கே போர்ட்டர் முதற்கொண்டு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நேற்றும் வந்திருந்தார். யாரோடும் பேசவில்லை.

ரிசீவரை வைத்தார்.

எஸ்.ஐ. தலையைச் சொறிந்தார். "மேடம், அந்தம்மா இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவ யாரு, அவ யாருன்னு. என்ன சொல்றது?"

"உண்மையைச் சொல்லுங்க. சக்களத்திக்கு நாலு காலு, இரும்பு உடம்பு, வாய் கிடையாதுன்னு." இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுங்க."