நூல்முனை இல்லாத முடிச்சு

வீரபாண்டியில் சாயப்பட்டறைகளைத் தாண்டி, ஒரு பழைய ஓட்டு வீட்டில் அந்த எம்ப்ராய்டரி கம்பெனி இருந்தது. மின்வெட்டு மிகுந்திருந்த 2008ஆம் ஆண்டு. தென்காசிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த அபிராமியைப் பக்கத்து அறைக்காரி சித்ராதேவி கைபிடித்து உள்ளே அழைத்துப் போனாள். அபிராமி காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த கை அது.

உள்ளே மெஷின் எண்ணெயின் வாடை. அதற்கும் அடியில் ஏதோ கருகிய வாடை.

மேசைமேல் வெள்ளை டி-ஷர்ட்டுகள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றின் நெஞ்சிலும் பச்சை நூலில் இரண்டு கைகள் ஓர் இதயத்தை ஏந்தியிருந்தன. மேலே கிரீடம். சுற்றிலும் பின்னிப் பின்னி ஓடும் ஒரு வளையம்.

"அயர்லாந்து ஆர்டர் கண்ணு. கை சிநேகமாம், இதயம் அன்பு, கிரீடம் விசுவாசம். அடிமையா வித்துப்போட்ட தட்டான் ஒருத்தன், ஊருல காத்திருந்தவளுக்காக மொதமொதல்ல மோதரமாச் செஞ்சானாம். ஆர்டர் குடுத்த பையரம்மா சொன்னாங்க."

"சுத்தி இருக்கது என்னக்கா?"

"கெல்டிக் முடிச்சு. நம்ம சிக்குக் கோலமாட்டத்தான். ஆரம்பமும் இல்ல, முடிவும் இல்ல. பிரிவே இல்லைன்னு அர்த்தம்." சித்ராதேவி சிரித்தாள். "படத்துக்குத்தான் முனை இல்ல. பின்னால திருப்பிப் பாரு, வெட்டி மாளாது."

உண்மைதான். துணியின் பின்பக்கம் எங்கும் நூல்முனைகள் தொங்கின. அவற்றை வெட்டுவதுதான் அபிராமிக்கு வேலை.

சித்ராதேவி தன் விரலிலிருந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றி அவள் விரலில் போட்டாள். அதிலும் அதே கைகள், அதே இதயம்.

"சாம்பிளோட வந்தது. இனி நீ என்ற கூடப்பொறந்தவ."

அபிராமிக்குக் கண் கலங்கியது.

மதியம் கரண்ட் போனது. எல்லோரும் டீக்கடைக்கு நடந்தார்கள்.

"நீ இரு கண்ணு, பன்னு வாங்கியாறேன்."

கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

அட்டைப்பெட்டிகள் சன்னலை மறைத்திருந்தன. இருட்டு.

டக். டக். டக்.

மெஷின் தைத்துக்கொண்டிருந்தது.

கரண்ட் வரவில்லை.

அபிராமி மெஷினில் இருந்த சட்டையைத் திருப்பித் தடவினாள். பின்பக்கத்தில் ஒரு நூல்முனைகூட இல்லை. கருகிய வாடை நெஞ்சை அடைத்தது. துணிக்குள்ளிருந்து இரண்டு கைகள் அவள் கையைப் பற்றின.

"சித்ரா… கதவத் தொறயேன்." துணிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் முனகியது.

அபிராமி கதவைத் தட்டினாள். "யக்கா! தொறங்க!"

வெளியிலிருந்து சித்ராதேவியின் அழுகுரல் கேட்டது. "மன்னிச்சுக்க கண்ணு. ஜெனரேட்டர் தீப்புடிச்சப்ப இங்க வேல பாத்த பாண்டியம்மா உள்ள இருந்தது தெரிஞ்சேதான் நான் கதவச் சாத்திட்டு ஓடுனேன். மோதரம் அவளுக்கு நான் குடுத்தது. அவ கருகிச் செத்தப்புறம் என்ற விரலுக்கே வந்துருச்சு. ஆருகிட்ட இருக்குதோ அவளத்தான் அவ புடிப்பா."

"அதுக்கா எனக்குக் கஞ்சி ஊத்துனீக?"



அபிராமி அழுதாள். பிறகு, பற்றியிருந்த கைகளின் சூடு அவளுக்கு உறைத்தது. காய்ச்சல்காரியின் சூடு. கையை இழுக்காமல், இன்னொரு கையால் பாட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றி மெஷின்மேல் வைத்தாள்.

"நான் சித்ரா இல்லக்கா. குடிங்க. நான் கூட இருக்கேன்." முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

பிடி மெல்லத் தளர்ந்தது. விரலில் மோதிரம் இல்லை.

டம்ளர் காலியாக இருந்தது.

கதவு தானாகத் திறந்தது. வாசலில் சித்ராதேவி உறைந்து நின்றாள். மோதிரம் அவள் விரலில் இருந்தது. அதைச் சுற்றிச் சதையில் இறங்கிய பச்சை நூல், தரையோடு ஊர்ந்து மெஷின்வரை போனது.

"வெட்டி உடு கண்ணு…"

அபிராமி மண்டியிட்டாள். இவளுக்கா என்று ஒருகணம் கத்தரி தயங்கியது. பிறகு வெட்டினாள்.

வெட்டிய இடம் தானே கூடிக்கொண்டது.

மறுபடி வெட்டினாள். முனை தேடித் தடவினாள். முனையே இல்லை.

உள்ளே மெஷின் மீண்டும் தைக்கத் தொடங்கியது.